குடியை விடவைக்கும் வழிகள்: எது, யாருக்கு, எவ்வளவு தூரம் பலிக்கிறது?

காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே, வேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவர்களில், ஆட்டோவின் முதுகில் என்று எங்கே திரும்பினாலும் அந்த நோட்டீஸ் கண்ணில் படும். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். 100% உத்தரவாதம்.’ பக்கத்திலேயே இன்னொன்று: ‘போதை மறுவாழ்வு மையம். வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்.’ நின்று படித்துவிட்டு நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மனைவி, அம்மா, சில சமயம் பள்ளிக்கூட யூனிஃபார்மிலேயே இருக்கும் மகள்.

அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். எங்கே போனால் குடி நிற்கும்? கோயிலில் கயிறு கட்டலாமா, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பலாமா, மையத்தில் விடலாமா, டாக்டரிடம் மாத்திரை வாங்கலாமா? ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். “எங்க மச்சானுக்கு அங்க போனதும் நின்னுடுச்சு” என்பார் ஒருவர். “அதெல்லாம் காசு புடுங்கற வேலை” என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மச்சானை வைத்து ஒரு வழியை எடைபோட முடியாது. எப்படி எடைபோடுவது என்பதையும், நம் பக்கத்தில் புழங்கும் ஒவ்வொரு வழியும் உண்மையில் எந்த வேலையைச் செய்கிறது என்பதையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் அந்த ‘100%’

ஒரு மையம் ‘எங்களிடம் வந்தவர்களில் 90% பேர் குடியை விட்டுவிட்டார்கள்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படியும் இருக்கலாம். 100 பேர் சேர்ந்தார்கள். 40 பேர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். 60 பேர் முழு நாளும் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் போன் போட்டபோது 20 பேர்தான் எடுத்தார்கள். அதில் 18 பேர் ‘குடிக்கவில்லை’ என்றார்கள். 20க்கு 18 என்றால் 90%. நோட்டீசில் ஏறுவது அந்த 90. ஆனால் வாசலில் நின்று உள்ளே விடலாமா என்று யோசிக்கிற மனைவிக்குத் தேவையான கணக்கு 100க்கு 18. போன் எடுக்காதவர்களில் சிலர் நன்றாக இருக்கலாம்தான், ஆனால் மறுபடி குடிக்கிறவர் போனை எடுக்கத் தயங்குவார் என்பது யாருக்கும் தெரியும்.

ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும் நான்கு விஷயம் விசாரிக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்ததில் இந்த எண்? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தது? ‘நின்றது’ என்றால் ஒரு சொட்டும் தொடவில்லையா, குறைத்துக்கொண்டாரா? இதைச் செய்யாமல் விட்டிருந்தால் எத்தனை பேருக்கு நின்றிருக்கும்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானாகக் குடியை விடுகிறவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் தெருவிலேயே இருப்பார்கள். ஒரு வழி பலிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதில் சேர்ந்தவர்களை வேறு வழியில் போனவர்களோடு அல்லது எதிலும் சேராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

உடம்பின் கணக்கு தனி

வழிகளுக்குள் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. தினமும் அதிகமாக, வருஷக்கணக்காகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு திருப்பி அடிக்கும். கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவார், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார், நாள் கிழமை தெரியாது. “பேய் புடிச்சிட்டது” என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிறார்கள். அது குடி நின்றதால் மூளையில் வரும் கலக்கம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

இதற்கு மருத்துவமனையில் செய்வது பெரிய மந்திரம் இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கச் சில நாட்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே வரும் மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி, நீர்ச்சத்து, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவரோ, முன்பு ஒரு தடவை வலிப்பு வந்தவரோ, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரம் டாக்டர் கண்ணில் இருக்க வேண்டும். கோயிலுக்கும் சரி, கூட்டத்துக்கும் சரி, அதற்கு அப்புறம் போகலாம்.

ஆனால் அந்த ஒரு வாரம் முடிந்ததையே ‘குணமாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் நிறைய குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. உடம்பிலிருந்து சாராயம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். சம்பள நாள் சாயங்காலம், கூட்டாளி குரல், டாஸ்மாக் இருக்கிற தெருமுனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. சிகிச்சை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாலையும் கயிறும்

நம் ஊரில் மிகப் பழைய மறுவாழ்வுத் திட்டம் எது என்றால் விரதம்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம், அம்மன் கோயில் கயிறு, ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு முந்தைய விரதம், ஐயப்ப மாலை. சர்ச்சில் ஜெபக் கூட்டத்தில் முன்னால் போய் நின்று விடுகிறேன் என்று சொல்வதும், தர்காவில் போய் வேண்டிக்கொள்வதும் இதே வகைதான். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதில் என்ன வேலை செய்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கார்த்திகையில் மாலை போட்ட ஒருவரின் நாளைக் கவனித்துப் பாருங்கள். விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். கறுப்பு வேட்டி. நேற்றுவரை “டேய்” என்ற ஆள் இன்றைக்கு “சாமி” என்கிறான். ஆம்பூர் தோல் ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் கடைக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவர்களுக்குப் பாவம். குடிக்கிற அந்த ஏழு மணிக்கு பஜனை இருக்கிறது. குடிப்பதற்குப் பதிலாகக் கையில் ஜால்ரா. வீட்டில் மனைவி தனியாக விரதச் சமையல் செய்து மரியாதையோடு போடுகிறாள். பல வருஷமாக அவருக்கு அந்த வீட்டில் கிடைக்காத மரியாதை. அதாவது குடியைத் தூண்டும் நேரம், இடம், ஆள், மூன்றும் ஒரே நாளில் மாற்றப்படுகின்றன. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கழுத்தில் தொங்குகிறது காரணம். மனநல ஆலோசகர் பல வாரம் முயன்று உண்டாக்கப் பார்க்கிற மாற்றங்கள் இவை.

குறை எங்கே? 41 நாள் என்பது முடிகிற காலம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்றே பழைய கூட்டாளிகள் காத்திருப்பார்கள். “சாமி” மறுபடி “டேய்” ஆகிவிடுகிறார். பஜனை இல்லை, ஏழு மணி மட்டும் இருக்கிறது. ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்தவர் ‘என்னால் எப்ப வேணா நிறுத்த முடியும்’ என்று நம்பிக்கொண்டே மறுபடி தொடங்குவதும் உண்டு. அதோடு, கடும் குடியில் இருப்பவர் நேற்று ராத்திரி வரை குடித்துவிட்டு இன்று காலை மாலை போட்டால், மேலே சொன்ன வலிப்பு ஆபத்து அப்படியே இருக்கிறது.

ஆனாலும் மாலை கழற்றும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிக்கு முன்பே டாக்டரிடமோ ஏ.ஏ. குழுவிடமோ ஒரு தொடர்பு உண்டாக்கிவிட்டால், விரதம் கொடுத்த அந்த 41 நாள் வீணாகாது. விரதத்தையும் சிகிச்சையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு சின்ன வரலாறு. சட்டத்தின் மூலமாகவே குடியை நிறுத்தப் பார்த்த முதல் மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1939இல் அது, வேலூர் அன்று அடங்கியிருந்த வட ஆற்காட்டுக்கும் வந்தது. அப்புறம் 1971இல் தளர்த்தி, 1974இல் மறுபடி கொண்டுவந்து, 1981இல் மறுபடி திறந்து, 2003 முதல் அரசே சில்லறையாக விற்கிறது. கடை மூடியிருந்த காலத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் சாராய ஊறல் போட்டவர்களும் உண்டு. கடையை மூடுவது புதிதாகக் குடிக்க வருகிறவரைத் தடுக்க உதவலாம். ஏற்கெனவே நோயாகிவிட்டவருக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும்.

ஏ.ஏ. கூட்டம்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற தரகரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இரண்டு பேருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைய குடியைத் தள்ளிப்போட முடிகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம் ஏ.ஏ. என்கிறோம். கட்டணம் கிடையாது. பெயர், ஜாதி, வேலை யாரும் கேட்பதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே சேரத் தகுதி.

பன்னிரண்டு படிகள் என்பார்கள். மதுவின் முன்னால் எனக்குச் சக்தி இல்லை என்று ஒப்புக்கொள்வது முதல் படி. நம்மைவிடப் பெரிய ஒரு சக்தியை நம்புவது, செய்த தப்புகளைக் கணக்கெடுப்பது, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் போய்ச் சரிசெய்வது, கடைசியாக இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று அது போகும். கடவுள் என்ற சொல் வருகிறது, ஆனால் எந்தக் கடவுள் என்று சொல்லவில்லை. நாத்திகர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். அந்தக் குழுவையே ‘பெரிய சக்தி’யாக எடுத்துக்கொண்டு தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அல்லது சர்ச்சின் பின்கட்டு அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர் தன் கதையைச் சொல்வார்: பொண்ணு காது குத்துக்கு வைத்திருந்த காசை எடுத்தது, தெருவில் விழுந்து கிடந்தபோது மகன் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது. யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். அப்புறம் டீ வரும். புதிதாக வந்தவரிடம் ஒரு பழைய ஆள் போய்த் தன் போன் நம்பரைக் கொடுத்து, “ராத்திரி பன்னண்டு மணிக்கு ஆசை வந்தாலும் கூப்பிடு” என்பார். அவரைத்தான் ஸ்பான்சர் என்பது. வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் கேட்பதில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு.

இது பலிக்கிறதா? வெகுகாலம் ‘ஆதாரம் போதாது’ என்றே ஆய்வாளர்கள் சொல்லிவந்தார்கள். வருகிறவர் பெயரே பதிவாகாத இடத்தில் கணக்கு எடுப்பது எப்படி? பிறகு நல்ல ஆய்வுகள் வந்தன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரை, அலசியது. ஏ.ஏ.வில் சேர்ந்து தொடரும்படி முறையாக வழிநடத்தப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய 42%. மனநல ஆலோசனை போன்ற மற்றச் சிகிச்சைகளில் அது 35%. குடிக்கும் அளவைக் குறைப்பது போன்ற மற்ற விஷயங்களில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

இந்த எண்ணை நிதானமாகப் படிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிற ஒரு கூட்டம், காசு கொடுத்து வாங்கும் ஆலோசனைக்குச் சமமாக, முழுதாக நிறுத்துவதில் கொஞ்சம் மேலாகவே நிற்கிறது. இது பெரிய செய்தி. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது மட்டும் போதவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. அப்புறம், ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, ‘போய்ப் பார்’ என்று ஒரு விலாசத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டவை அல்ல. முதல் கூட்டத்துக்கு யாராவது கூடப் போவது, விட்டுப்போனால் விசாரிப்பது என்று கைபிடித்துச் சேர்த்தவை. இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும். தனியாக அனுப்பினால் வாசலில் இருந்தே திரும்பிவிடுவார்கள்.

இதற்கு முன்பே, 1997இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 1,726 பேரை மூன்று விதமான சிகிச்சைகளுக்குப் பிரித்து அனுப்பிப் பார்த்தது. மூன்றில் எது ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். மூன்றிலுமே ஆட்கள் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசம் சொற்பம். ‘எந்த வழி’ என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் கனத்தில் பாதியை ‘எவ்வளவு நாள் விடாமல்’ என்ற கேள்விக்குக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

மையத்தில் விடுவது

ஒரு மாதம் உள்ளே வைத்திருப்பது என்ற பழக்கம் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1950களை ஒட்டி உருவான முறையிலிருந்து வந்தது. ஏ.ஏ. படிகள், ஆலோசகர், டாக்டர், 28 நாள். அந்த 28க்கு மருத்துவத்தில் தனி மகிமை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இந்த வகைச் சிகிச்சையை ஒழுங்காகக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் சாந்தி ரங்கநாதன். சென்னையில் 1980இல் அவர் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறியும் நிலையம். திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து எடுத்துப் போகாமல், சிகிச்சையை ஊருக்கே கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, குடும்பத்தையும் உட்காரவைத்து, முகாம் முடிந்த பிறகும் அதே ஊரில் தொடர்ந்து பார்த்தார்கள்.

நல்ல மையத்துக்கும் மோசமான மையத்துக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டிலிருந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிப்போவது, அடிப்பது, மூன்று மாதம் போனில்கூடப் பேசவிடாமல் வைப்பது, இவை சிகிச்சை அல்ல, குற்றம். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிச் செத்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடியாலும் போதையாலும் வரும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது, சங்கிலியால் கட்டுவதை முழுதாகத் தடைசெய்தது, இத்தகைய நிலையங்கள் பதிவுசெய்திருக்க வேண்டும் என்றது. உள்ளே விடுவதற்கு முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், வாரத்துக்கு எத்தனை தடவை நாங்கள் வந்து பார்க்கலாம், வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் கூப்பிட்டுப் பேசுவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் காசு கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

ஏனென்றால் உள்ளே குடிக்காமல் இருப்பது கஷ்டமே இல்லை, குடி அங்கே கிடைக்காது. முப்பத்தோராம் நாள் பஸ் ஏறி ஊர் வரும்போதுதான் பரீட்சை. வலி மாத்திரை, ஊசி, ஓபியம் வகைப் போதையில் இருந்தவர்களுக்கு இது இன்னும் ஆபத்தான கட்டம். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று செத்துப்போகக்கூடும். அவர்களை வெறும் கட்டாய அடைப்பில் வைத்து அனுப்பக் கூடாது. தொடர் மருந்துச் சிகிச்சை வேண்டும்.

சோற்றில் கலக்கும் மருந்து

“அண்ணா, அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுத்துடலாமா? எத்தினி நாளு இப்பிடியே ஓட்டறது?” குடியாத்தம் பக்கத்துப் பீடி சுற்றும் தங்கை ஒருத்தி கேட்ட கேள்வி இது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற களைப்பை மதித்தே பதில் சொல்ல வேண்டும்.

ரகசியப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று வெளியில் சொல்வதில்லை. டாக்டர்கள் வெளிப்படையாகத் தரும் பழைய மாத்திரை ஒன்று உண்டு, டைசல்ஃபிரம். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் இதன் பயன் தெரியவந்தது. இதைச் சாப்பிட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளைப் புரட்டிப்போட்டுவிடும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிர் ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு வரலாம்.

இதில் ஒரு வியப்பான விஷயம் உண்டு. டைசல்ஃபிரம் தருகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்து, வீட்டில் ஒருவர் கண் எதிரே சாப்பிடவைத்த ஆய்வுகளில் அது நன்றாகப் பலித்தது. யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெறும் மாத்திரை என்று தெரியாமல் கொடுத்த ஆய்வுகளில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காரணம் எளிது. அந்த மாத்திரை வேலை செய்வது ‘குடித்தால் இப்படி ஆகும்’ என்ற அறிவின் மூலமாக. காலையில் மனைவி எதிரே அதை விழுங்கிவிட்டால், சாயங்காலம் குடிக்கலாமா என்ற வாதம் அவர் மனசுக்குள் அப்போதே முடிந்துவிடுகிறது. இப்போது அந்தத் தங்கையின் கேள்விக்கு வாருங்கள். தெரியாமல் கலந்தால் பயன் தருகிற அந்த அறிவு போய்விடுகிறது, ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. அவர் வழக்கம்போலக் குடிப்பார், நடுரோட்டில் விழுவார், உண்மை தெரிந்த அன்றைக்கு வீட்டுச் சோற்றின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

குடித்தால் கிடைக்கும் கிக்கைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், ஏக்கத்தைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட் என்று வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் டாக்டர் எதைத் தரலாம் என்று முடிவுசெய்வார். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் பலிக்கிறவர்களுக்கு நிஜமாகவே பலிக்கிறது. இவை இருக்கின்றன என்ற தகவலே நிறைய பேருக்குப் போய்ச்சேரவில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். மீதி 37 பேருக்கு எந்த வழி நல்ல வழி என்ற விவாதமே வரவில்லை.

மறுபடி குடித்துவிட்டால்

“ஐம்பதாயிரம் செலவு பண்ணோம், ரெண்டாவது மாசமே குடிச்சினு வந்து நிக்கிறாரு” என்று சொல்லும் குடும்பம் அதோடு கைவிட்டுவிடும். சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடுகிறவர்கள் 40 முதல் 60% வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தக்கொதிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களில் மறுபடி மோசமாகிறவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். பி.பி. ஏறினால் ‘மருந்தே தோற்றது’ என்று யாரும் மூட்டை கட்டுவதில்லை, டாக்டரிடம் போய் அளவை மாற்றுகிறோம். குடி மட்டும் ஒழுக்கக்கேடு என்று மனசில் பதிந்திருப்பதால், இங்கே ஒரு சறுக்கல் முழுத் தோல்வியாகிவிடுகிறது. சறுக்கிய மறுநாளே திரும்ப வருகிறவருக்கும், வெட்கப்பட்டு ஆறு மாதம் ஒளிந்துகொள்கிறவருக்கும் முடிவு ஒன்றாக இருக்காது. அந்த மறுநாள் அவரை வரவைப்பது வீட்டார் பேசும் பேச்சில் இருக்கிறது.

வேலூரில் இந்த விஷயத்தில் பெருமைப்பட ஒன்று உண்டு. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியதிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கும் முறையைக் கடைப்பிடிக்கிறது. ஆளை விட்டுவிட்டு வரும் இடமாக அதை அவர்கள் அமைக்கவில்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேயே பார்த்துப் பழகிக்கொண்டு திரும்பலாம்.

இன்னும் அடிமையாகாத, ஆனால் அளவு மீறிக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். சில அமர்வுகள்தான். மூன்று மாதம் கழித்து ஆபத்தான குடியிலிருந்து விடுபட்டவர்கள் 36%, வழக்கமான கவனிப்பில் 26%. நம் பஞ்சாயத்துகளிலும் இதைச் செய்ய முடியும். பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

எங்கே தொடங்குவது

அரசுச் செலவில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயம் போக காட்பாடியிலிருந்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் டவுன் பஸ். போனில் பேச, போதை மறுவாழ்வுக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். போகும்போது தினமும் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

“அவரு வரமாட்டேங்கறாரே, நான் மட்டும் போய் இன்னா பண்றது?” போகலாம், போக வேண்டும். 1999இல் அமெரிக்காவில் 130 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குடிக்கிறவர் எவருமே சிகிச்சைக்கு வர மறுத்தவர்கள். அவற்றில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்தார்கள். போதையில் இருக்கும்போது வாதாடாதே. தெளிவாக இருக்கும் காலையில் அன்பாகப் பேசு, அந்த நேரத்தைப் பெரிதாக்கு. அவர் குடியால் வந்த கடனையும் வேலை இழப்பையும் நீ மூடி மறைக்காதே. அவர் தானாக வருத்தப்பட்டுப் பேசும் அந்த நேரத்துக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைத் தயாராக வைத்திரு. அடி உதை இருந்தால் முதலில் உன் பாதுகாப்பைப் பார். இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64% பேர் மறுத்த ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சூழ்ந்து நின்று மிரட்டிக் கேட்கும் முறையில் அது 30%.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இரவும் பகலும் உண்டு. குடிநோயாளி குடும்பங்களுக்கென்று ஏ.ஏ.வைப் போலவே ஆல்-அனான் கூட்டம் 1951 முதல் நடக்கிறது. அது அவரை வரவைப்பதற்கான இடம் அல்ல, உங்கள் மனசு ஆறுவதற்கான இடம். அவர் வருவதற்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே அங்கே போகலாம்.